கார் இன்ஜின் ஹீட் ஆகிறதா? ரேடியேட்டர் மூடியில் தொடங்கி ஹெட் கேஸ்கெட் வரை முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மே மாதம், உச்சி வெயில், வண்டியில் அப்பா, அம்மா, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வளைவுகளைத் தாண்டியிருப்போம். நடுவில் அசையாமல் நிற்கும் வெப்ப முள் மெல்ல ஏறி சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரம்கட்டிய நேரத்தில் பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடை முழுக்க பட்டறை பட்டறையாக அலைந்தேன். ஓர் இடத்தில் ரேடியேட்டரை மாற்றினார்கள். அடுத்த இடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, இனிமேல் ஹீட்டே ஆகாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் வாட்டர் பம்ப் மாறியது. மேடு ஏறினால் முள்ளும் மறுபடி ஏறியது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடும் முன்பே ஒன்று கேட்டார்: “எப்போ ஹீட் ஆகுது தம்பி? டிராஃபிக்லயா, ஹைவேயிலயா, ஏத்தத்துலயா?” அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பதிலைக் கேட்டுக்கொண்டு, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதன் ரப்பரை விரலால் தடவிக் காட்டினார். காய்ந்து வெடித்திருந்தது. புது ரேடியேட்டர் மாட்டியவர்கள் பழைய மூடியையே அதன் தலையில் போட்டிருந்தார்கள். புது மூடி சில நூறு ரூபாய்தான்.

அன்று அவர் கேட்ட வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதலில் எப்போது சூடாகிறது என்று பார்ப்பது, பிறகு செலவில்லாத சோதனைகள், அதற்கும் பிறகுதான் பாகம் மாற்றுவது.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. மிச்சம் இருக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியே தள்ளுவது கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் வேலை. வாட்டர் பம்ப் கூலன்ட்டைச் சுற்றவிடுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருந்து, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுழலச் செய்கிறது. 82 முதல் 88 டிகிரி வாக்கில் அது திறக்கத் தொடங்குகிறது. சூடான கூலன்ட், மேல் ஹோஸ் என்ற ரப்பர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய், காற்றில் வெப்பத்தை இழந்து, கீழ் ஹோஸ் வழியே திரும்புகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றால் ஃபேன்தான் காற்று கொடுக்க வேண்டும்.

மூடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது கடல் மட்டத்துக்குத்தான் பொருந்தும். உயரம் கூடக்கூட கொதிநிலை இறங்கும், தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் வேலை செய்வதோ 90 முதல் 105 டிகிரிக்குள். அப்படியானால் கூலன்ட் ஏன் கொதிப்பதில்லை? பிரஷர் குக்கரின் கதைதான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். அது எத்தனை ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) வரை தாங்கும் என்பதற்கான கணக்கு. ஒரு பார் அழுத்தம் கூடினால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் போனால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். சமதளத்தில் எப்படியோ சமாளிக்கும், மேட்டில் கைவிட்டுவிடும். என் வண்டிக்கு நடந்தது அதுதான்.

வழியில் முள் ஏறினால்

இதில் இரண்டு நிலைகள் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது, ஆனால் சிவப்பைத் தொடவில்லை, ஆவியும் இல்லை என்றால் உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டு ஜன்னல்களை இறக்குங்கள். வெயிலில் ஹீட்டர் போடச் சொல்வது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர், அதுவும் கொஞ்சம் வெப்பத்தை இறக்கும். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, நியூட்ரலில் ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். முள் இறங்கினால் சற்று நேரம் விட்டுப் புறப்படலாம்.

முள் சிவப்பில் நிற்கிறது, அல்லது ஆவி வருகிறது, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் ஓரம்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை, அடுத்த ஊர் வரை என்று ஓட்டாதீர்கள். இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதிகச் சூட்டில் அது வளையும், இரண்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். சில நூறு ரூபாய் மூடியிலோ ஹோஸிலோ முடிந்திருக்க வேண்டிய செலவு, அந்தக் கூடுதல் இரண்டு கிலோமீட்டரால் இன்ஜினைப் பிரிக்கும் செலவாகிவிடும்.

ஓர் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போனால் சில நேரம் முள் ஏறாது, இறங்கவும் கூடும். சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். சுற்றிலும் வெறும் காற்றுதான் என்றால் அது காட்டுவதை நம்ப முடியாது. ஏறிய முள் திடீரென்று விழுந்து, இன்ஜின் இழுவையும் குறைந்தால் சூடு தணிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நிறுத்திப் பாருங்கள்.

பானெட்டைத் திறக்கலாம், ஆவி வராத பக்கமாக நின்று. ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த அந்த நொடியே பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை வெறும் கையால் பிடித்து அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, கனமான துணியைப் போட்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருப்பி, சீறல் அடங்கும் வரை நின்று, பிறகு முழுக்கத் திறங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். சூட்டில் இருக்கும் உலோகம் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றி வீடு வரை போகலாம், தவறில்லை. கடையில் வாங்கும் குடிநீர் பாட்டில், போர் தண்ணீரைவிட மேல்.

எப்போது ஹீட் ஆகிறது?

வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது அந்த அண்ணன் கேட்ட கேள்வி.

டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறி, நல்ல சாலையில் வேகம் எடுத்தால் இறங்குகிறதா? காற்று போதவில்லை. ஃபேன், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, அல்லது ரேடியேட்டருக்கு முன்னால் அடைப்பு. சிக்னலில் நிற்கும்போது ஏசியும் குளிராமல் போனால் சந்தேகம் இன்னும் உறுதி. ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்கும் அதே காற்றுதான்.

நகரத்துக்குள் சரியாக இருந்து, ஹைவேயில் 80, 100 வேகத்திலோ மேடு ஏறும்போதோ ஹீட் ஆகிறதா? பெரும்பாலும் காற்றில் குறையில்லை, கூலன்ட்டின் ஓட்டமோ அழுத்தமோதான் போதவில்லை. ரேடியேட்டர் உள் அடைப்பு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், அழுத்தம் பிடிக்காத மூடி.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறதா? தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், கூலன்ட் மிகக் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம். எங்கும் எப்போதும் ஹீட் ஆகிறது, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கசிவு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இந்தப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பல புதிய வண்டிகளில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். முள் இருக்கும் வண்டிகளிலும் அது 80 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் இடையில் நடுவிலேயே நிற்கும்படிதான் பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள். உண்மையான அளவு வேண்டுமென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, பட்டறையில் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ஒரு சின்ன புளூடூத் கருவி வாங்குங்கள். கூலன்ட்டின் வெப்பத்தை அப்படியே போனில் காட்டும். இந்த வேலைக்கு நான் வாங்கியதிலேயே பயனுள்ள பொருள் அதுதான்.

முதல் படி: அளவு, மூடி, கசிவு

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள். ரிசர்வ் டேங்கில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கும் வண்டிகள் உண்டு. சூட்டில் விரியும் கூலன்ட் மூடியின் வால்வு வழியே டேங்குக்குப் போகும், ஆறும்போது அதே வழியாக உறிஞ்சித் திரும்பும். திரும்பும் வால்வு சிக்கினால் டேங்கில் ததும்பும், ரேடியேட்டரில் குறையும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப் போய் ஒட்டிக் கிடந்தால் அதுவும் இதன் அறிகுறியே. சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. டேங்க்கே அழுத்தத்தைத் தாங்கும், மூடியும் அதன் மேல்தான் இருக்கும். விதி ஒன்றுதான், ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

மூடி மாற்றும்போது பழையதில் உள்ள எண்ணையே பார்த்து வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் நல்லது என்று நினைத்து மாற்றினால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து கசிவு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்துக்கு நேராக ஈரம் என்று தெரியும். ஏசியிலிருந்து சொட்டும் நிறமற்ற தண்ணீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கூலன்ட்டுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் இருக்கும், தொட்டால் வழுவழுக்கும். ஹோஸ் முனைகளில், கிளிப்புக்கு அடியில் காய்ந்த உப்புப் பூத்தது போன்ற தடம் தெரிந்தால் அங்கேதான் கசிகிறது. ரேடியேட்டரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள், வயதான ரேடியேட்டர்கள் அதிகம் கசிவது அங்கேதான். முன் சீட்டுக் கால் மிதியடி நனைந்து, உள்ளே இனிப்பான வாடை வந்தால் ஹீட்டர் கோர் ஓட்டை.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குப் பிரஷர் டெஸ்ட் இருக்கிறது. மூடியின் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, பத்து பதினைந்து நிமிடம் மீட்டரைப் பார்ப்பது. அளவு இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. நல்ல பட்டறை எதிலும் இந்தக் கருவி இருக்கும். ரேடியேட்டர் மாற்றலாம் என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: காற்று வரும் வழி

முன் கிரில்லுக்குப் பின்னால் முதலில் ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் இடையிலான சந்தில் என்னென்னவோ சேரும். வேப்பிலை, பூச்சிகள், இலவம் பஞ்சு, மண். டெல்டா பக்கம் அறுவடை நேரத்தில் சாலையில் காயப்போட்ட நெல் மேல் ஓட்டிப் போனவர்கள் வைக்கோல் துணுக்கும் உமியும் அடைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்து மேலிருந்து அந்தச் சந்துக்குள் பாருங்கள்.

கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய் வேகத்தில் தண்ணீர் விடுங்கள். வந்த வழியாகவே குப்பை வெளியேறட்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

இடிபட்டுச் சரிசெய்த வண்டிகளில் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையையோ இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தட்டையோ திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அவை காற்றை ரேடியேட்டர் வழியே போக வைப்பவை. இல்லையென்றால் சூடான காற்றே சுற்றிச்சுற்றி வரும். காணவில்லை என்றால் வாங்கிப் போடுங்கள்.

மூன்றாம் படி: ஃபேன்

ஊருக்குள் ஓடும் வண்டிகளில் நான் பார்த்தவரை அதிகம் மாட்டுவது ஃபேன்தான். அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். கையையோ துப்பட்டாவையோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வண்டியை நிறுத்தி ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் சுற்ற வேண்டும். பிறகு ஏசியை அணைத்து, நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். பத்து இருபது நிமிடத்தில், 95 முதல் 100 டிகிரி வாக்கில் ஃபேன் தானாக ஓடி, சற்று நேரத்தில் நிற்க வேண்டும். ஏசி போட்டால் சுற்றுகிறது, தானாகச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, வெப்ப சென்சார் மேல்தான் சந்தேகம். பெரும்பாலான வண்டிகளில் சென்சாரின் இணைப்பைக் கழற்றினால், பாதுகாப்புக்காக இன்ஜின் கம்ப்யூட்டரே ஃபேனை ஓடவிடும். அப்படி ஓடினால் ஃபேன் சர்க்யூட் சரி. இந்தச் சோதனைக்குப் பிறகு செக் இன்ஜின் விளக்கு எரியலாம், ஸ்கேனரில் அழித்துவிடலாம்.

இரண்டுக்கும் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ். அடுத்து ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறொன்றுக்கோ அதே வகை ரிலே இருக்கும், இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ஃபேனின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் நேராக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. குச்சியால் தட்டினால் சுற்றுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

சுற்றினால் மட்டும் போதாது. ஓடும்போது ஒரு செய்தித்தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஒயரை மாற்றி இணைத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பட்டறையில் வேலை நடந்த பிறகு வரும் கோளாறு இது. லேசாக மட்டும் ஒட்டினால் மோட்டார் பலவீனம், அல்லது இரண்டு வேகமுள்ள ஃபேனில் வேகமான சுற்று வேலை செய்யவில்லை.

பழைய டீசல் எஸ்யூவிகளில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும், நடுவில் சூடானால் ஃபேனை இறுகப் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்து இழுப்பது போல் இறுக்கமாக இருக்க வேண்டும். பம்பரம் போல் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

நான்காம் படி: தெர்மோஸ்டாட்டும் பம்பும்

ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் ஃபேனுக்கு எட்டாத இடத்தில் தொட்டுப் பாருங்கள். முதலில் மேல் ஹோஸ் சூடாகும், தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸும் சூடாகும். முள் ஏறிய பிறகும் கீழ் ஹோஸ் ஜில்லென்றே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ஓட்டமே இல்லை.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை சமையலறையிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் படக்கூடாது. தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கு வரும்போது திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். இதற்கு ஒதுக்கிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அதைக் கழற்றினால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடும். கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜ் விழும், இன்ஜின் தேயும். ஸ்கேனரில் P0128 என்ற பிழை எண் வருவது பெரும்பாலும் இதனால்தான். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, ஹீட் இன்னும் கூடும். புதியது வாங்கிப் போடுங்கள், விலை அதிகமில்லை.

வாட்டர் பம்ப், பட்டறைகளில் வாட்டர் பாடி என்பார்கள். அதன் உடலில் சின்னத் துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் போனால் அதன் வழியே கூலன்ட் கசியும்படி வேண்டுமென்றே விட்ட துளை அது, அடைக்கக் கூடாது. அங்கே தடம் தெரிந்தாலோ, புல்லியை ஆட்டினால் ஆட்டம் இருந்தாலோ, கரகர சத்தம் வந்தாலோ மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கூலி ஒரே கூலி. வெளி பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் பம்ப் மெதுவாகச் சுற்றும், அதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: ரேடியேட்டரின் உள்ளே

வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியின் ரேடியேட்டருக்குள் என்ன இருக்கும் என்று தெரிய, வீட்டுக் கெய்சரின் உள்ளே பார்த்தால் போதும். கடின நீரின் உப்பு சூட்டில் படிந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். மூடியைத் திறந்தால் துருநிறச் சேறு தெரியும். வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றை ரேடியேட்டர் மேல் அங்கங்கே காட்டினால், அடைத்த பகுதி மட்டும் குளிர்ந்து தெரியும்.

சேறு கொஞ்சம்தான் என்றால் ஃப்ளஷ் செய்யலாம். ஆறிய வண்டியில் பழைய கூலன்ட்டை வடித்து, ஃப்ளஷ் திரவத்தை அதன் டப்பாவில் சொன்னபடி ஊற்றி ஓடவிட்டு, ஆறவிட்டு வடித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். பழைய பித்தளை ரேடியேட்டர்களைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து பற்றவைப்பார்கள். இப்போதைய அலுமினியம், பிளாஸ்டிக் ரேடியேட்டர்களுக்கு அது ஒத்துவராது. முழுக்க அடைத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும், புது மூடியோடு.

ஓட்டையை அடைக்க மஞ்சள்தூள் போடுவதும், லீக் அடைக்கும் திரவம் ஊற்றுவதும் வேண்டாம். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கத் தெரியும்.

வடித்த கூலன்ட்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கிவிடும். அது கொடிய விஷம், குழந்தைகளுக்கும்தான். மூடிய கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

ஆறாம் படி: ஹெட் கேஸ்கெட்

வெளியே கசிவு இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றால் இங்கே வர வேண்டும். காலையில், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்கும் குமிழ்கள் அடைத்த காற்று. நிற்காமல் தொடர்ந்து வரும் குமிழ்கள், எரியும் அறையிலிருந்து வரும் வாயு. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்னும் சூடு ஏறாத நிலையிலேயே மேல் ஹோஸ் கல் போல் இறுகினாலும் அதுவே காரணம். சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாடை, ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் ஆகியவை அடுத்த அறிகுறிகள். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் நுரை இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தால் அப்படி வரும்.

உறுதி செய்ய ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். பெட்ரோல் வண்டியில் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். இதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

கழற்ற வேண்டி வந்தால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டு (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கி) எடுக்க வேண்டும், விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்தும் பார்க்க வேண்டும். புது போல்ட்டுகள் போடச் சொல்லும் வண்டி என்றால் பழையவற்றைத் திரும்பப் போடாதீர்கள். இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

கூலன்ட் நிரப்புவது

எந்தக் கூலன்ட் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், நிறத்தைப் பார்த்து அல்ல. ஒரே பச்சை நிறத்தில் வெவ்வேறு வகைகள் கிடைக்கின்றன. வகை மாறிக் கலந்தால் துருத் தடுப்பு கெடும், சில நேரம் குழம்பு போல் கெட்டியாகும். டப்பாவில் அப்படியே ஊற்றுவது என்று எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். செறிவானது என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும், பேட்டரிக்கு ஊற்றுவதற்குக் கிடைக்கும் அதே தண்ணீர். கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால் பாதிக்குப் பாதி. நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொதிநிலையை ஏற்றவும் துருவைத் தடுக்கவும்தான் நமக்கு அது தேவை. அதற்காகத் தண்ணீரே இல்லாமல் ஊற்றுவதும் தவறு, வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி.

நிரப்பும்போது காற்று அடைத்துக்கொண்டால் அத்தனை வேலையும் வீண். முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மெதுவாக ஊற்றி, நடுநடுவே மேல் ஹோஸை அமுக்கி விடுங்கள், குமிழ்கள் வெளியே வரும். காற்று திறக்கும் திருகு இருந்தால் அதில் குமிழில்லாமல் கூலன்ட் வரும் வரை திறந்து வைத்து மூடுங்கள். ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரில் இறங்க இறங்க ஊற்றுங்கள். கீழ் ஹோஸ் சூடாகத் தொடங்கும்போது மூடியைப் போட்டுவிடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விட்டு, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வருகிறதா என்று பாருங்கள். சிறிய கார்களுக்கு மொத்தம் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். கையேட்டில் சொன்ன அளவைவிட ஒரு லிட்டர் குறைவாகவே உள்ளே போயிருந்தால் காற்று இன்னும் இருக்கிறது.

அடுத்த நாள் காலை, ஆறிய வண்டியில் டேங்கின் அளவை ஒரு மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். அன்றைக்கு அரை மணி நேரம் டிராஃபிக்கில், அரை மணி நேரம் ஹைவேயில் ஏசியோடு ஓட்டி, போனில் வெப்பத்தைக் கவனியுங்கள். 90க்கும் 105க்கும் நடுவில் ஏறி இறங்கினால் சரி. முதல் மூன்று காலைகளில் அந்தக் கோட்டைப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறியது, ஊற்றி நிரப்பலாம். மூன்றாம் நாளும் இறங்கினால் அட்டையை மறுபடி வண்டிக்கு அடியில் விரித்து, முதல் படியிலிருந்து தொடங்குங்கள். மலை ஏறுவதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.